எல்லை தாண்டிப் போய்க் கல்யாணம்: வம்சாவளி தேடுவோருக்குக் கேள்வி பதில்

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களில் மருமகளோ மருமகனோ அந்த மண்ணில் பிறந்தவர்களாக இருப்பது இப்போது சாதாரணம். பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கத்து முன்னோரைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாகப் பழைய பதிவேடுகளைப் புரட்டி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புள்ளியில் வந்து நின்றன: வாழ்ந்த ஊரில் கல்யாணப் பதிவே இல்லை. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, என் கணவரின் தாத்தா பாட்டி பிலடெல்ஃபியாவை விட்டு எங்கும் போகாதவர்கள். 1934இல் கல்யாணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பிலடெல்ஃபியாவிலும் நியூ ஜெர்சியிலும் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை. கல்யாணமே ஆகாமல் சேர்ந்து வாழ்ந்திருப்பார்களோ?

அந்த முடிவுக்கு வராதீர்கள். முதலில் மேரிலாந்து மாநிலம் எல்க்டன் என்ற சின்ன ஊரில் தேடுங்கள்.

பிலடெல்ஃபியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ரயிலில் தெற்கே வந்தால், மேரிலாந்துக்குள் நுழைந்ததும் வரும் முதல் கவுண்டித் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தலைநகரம் எல்க்டன். அதற்கு முன் அவசரக் கல்யாணக்காரர்கள் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1913இல் டெலவேர், வெளியூர் ஜோடிகள் சில நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. உடனே கூட்டம் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர்ந்தது. மேரிலாந்தில் காத்திருப்பு கிடையாது: காலையில் இறங்கி, லைசென்ஸ் எடுத்து, தாலி கட்டாத குறையாக எல்லாம் முடித்து, சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்சிக்காரர்கள் நிற்பார்கள், நேராகக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து போதகரிடம் விடுவார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் வரிசையாகக் கல்யாணச் சேப்பல்கள். 1938இல் மேரிலாந்தும் 48 மணி நேரக் காத்திருப்பைக் கொண்டுவந்த பிறகுதான் வேகம் குறைந்தது. உங்கள் 1934 இதற்குள் அச்சாகப் பொருந்துகிறது.

பதிவு, எல்க்டன் இருக்கும் செசில் கவுண்டி பெயரில் இருக்கும். அங்குள்ள சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்திலும், அன்னாபொலிஸில் உள்ள மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். மணமகன் பெயரில் கிடைக்காவிட்டால் மணமகள் பெயரில் தேடுங்கள். அவசரத்தில் எழுதிய பெயர்களில் எழுத்து மாறியிருக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் மேரிலாந்தில் மதச் சடங்கோடுதான் கல்யாணம் செல்லும், கிளார்க் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதாது. அதனால் போதகர் பெயர் கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்து "ஓ, நம் குடும்பம் அந்தச் சபையைச் சேர்ந்தது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்சிக்காரர் யாரிடம் விட்டாரோ அவர்தான் அந்தப் போதகர். சாட்சிகளும் அப்படித்தான். நானே ஒரு சாட்சியின் பெயரைப் பிடித்துக்கொண்டு, மாமன் மச்சான் உறவாக இருக்கும் என்று ஐந்து மாதம் அலைந்திருக்கிறேன். அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கேள்வி: எல்லாருமே எல்க்டன் போயிருக்க மாட்டார்களே? எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே வாழ்ந்தார்கள் என்பதோடு, சொந்த ஊரில் எது அவர்களைத் தடுத்தது என்றும் கேளுங்கள். வயதா, காத்திருக்கும் நாட்களா, ரத்தப் பரிசோதனையா, நிறமா, முந்தைய விவாகரத்தா? அந்தத் தடை இல்லாத, ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம்தான் உங்கள் கவுண்டி. ரயில் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கம் கடல் கடந்து வந்தது. இங்கிலாந்தில் 1754இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் அது செல்லாது. இரண்டு சாட்சிகள் முன் "இவள் என் மனைவி, இவர் என் கணவர்" என்று சொன்னாலே அந்தக் காலத்தில் போதும். எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் பட்டடைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று கல்யாணம் நடந்தது. அதனால்தான் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட எல்லையோர ஊர்களைக் கிரெட்னா கிரீன் என்றே அழைக்கிறார்கள்.

சிகாகோக்காரர்கள் ஒரு காலத்தில் ஏரியில் நீராவிக் கப்பல் ஏறி மிச்சிகனின் செயின்ட் ஜோசஃபுக்குப் போனார்கள், பிறகு இந்தியானாவின் கிரவுன் பாயின்ட்டுக்கு. கென்டக்கியின் லூயிவில்லிலிருந்து ஒஹையோ ஆற்றைக் கடந்தால் இந்தியானாவின் ஜெஃபர்சன்வில். அதே ஆற்றில் இன்னும் மேலே, மேஸ்வில்லுக்கு எதிர்க்கரையில் ஒஹையோ மாநிலத்து ஆபர்டீன். கலிபோர்னியா 1927இல் மூன்று நாள் காத்திருக்கச் சொன்னது. குடிபோதையில் நடக்கும் கல்யாணங்களைத் தடுக்க என்று சொல்லி, அதற்கு "ஜின் சட்டம்" என்றே பெயர் வைத்தார்கள். விளைவு, லாஸ் ஏஞ்சலஸ் ஜோடிகள் அரிசோனாவின் யூமாவுக்கும் நெவாடாவின் லாஸ் வேகஸுக்கும் போனார்கள், சான் பிரான்சிஸ்கோ ஜோடிகள் ரீனோவுக்கு. லாஸ் வேகஸ் உள்ள கிளார்க் கவுண்டியின் பதிவுகளை இணையத்திலேயே தேடலாம், 1909 முதல் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் பல கவுண்டிகளின் பதிவேடுகள் இலவசம். அதில் மாநிலத்தைக் குறிப்பிடாமல் பெயரையும் வருடத்தையும் மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஜோடிக்கு இரண்டு கல்யாணப் பதிவு, இரண்டு வேறு ஊர், ஒன்பது மாத இடைவெளி. ஒன்று வேறு ஆளுடையதா?

இரண்டும் ஒரே ஜோடியுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊமைப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோவின் கதை தெரியுமா? அவருடைய முதல் விவாகரத்து முழுமையாக ஒரு வருடம் ஆக வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். அது முடிவதற்குள் 1922 மே மாதம் மெக்சிகாலிக்குப் போய் நடாஷா ரம்போவாவை மணந்தார், இருதார வழக்கில் கைதானார். 1923 மார்ச்சில் அதே பெண்ணையே கிரவுன் பாயின்ட்டில் மறுபடி மணந்தார்.

சாதாரண மக்களிடமும் இது நடந்தது. ரகசியமாக எல்லை தாண்டிச் செய்துகொண்டு, வீடு சமாதானமான பிறகு ஊரறியச் சர்ச்சில் இன்னொரு முறை. பள்ளிக்கூட ஆசிரியைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்ற விதி பல ஊர்களில் இருந்த காலம் அது. வேலையைக் காப்பாற்ற மாதக்கணக்கில் மறைத்தவர்கள் உண்டு. இரண்டு தேதியையும் எழுதி வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கல்யாணம் நடந்தது என்று எழுதலாமா?

கூடாது. லைசென்ஸ் என்பது அனுமதிதான். நடத்திவைத்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிய பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் கல்யாணம் நின்றுபோயிருக்கலாம்.

கேள்வி: பாட்டிக்கு லைசென்ஸில் வயது 21. மற்ற எல்லா இடத்திலும் கணக்குப் போட்டால் 17 வருகிறது. பிறந்த வருடத்தை மாற்றவா?

மாற்ற வேண்டாம். வயதைக் கூட்டிச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். 18 என்று ஒரு தாளில் எழுதி ஷூவுக்குள் வைத்து, அதன் மேல் நின்றுகொண்டு "நான் பதினெட்டுக்கு மேலே" என்று சத்தியம் செய்த பெண்களைப் பற்றி எத்தனையோ குடும்பங்களில் சொல்வார்கள். குழந்தையாக இருந்தபோது எடுத்த சென்சஸ்தான் நம்பத்தக்கது, அப்போது பொய் சொல்லக் காரணமில்லை. 1936க்குப் பிறகு சமூகப் பாதுகாப்பு எண் வாங்கியிருந்தால் அந்த விண்ணப்பத்தில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருக்கும். 1930 சென்சஸில் முதல் கல்யாணத்தின்போது வயது என்ன என்றே ஒரு கட்டம் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது பாட்டி பொய் சொன்னாள் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பதினேழு வயதுப் பெண் எதை விட்டு ஓடினாள் என்று நமக்குத் தெரியாது.

கேள்வி: தோழியின் கொள்ளுத்தாத்தா பஞ்சாபி, கொள்ளுப்பாட்டி மெக்சிகோக்காரர். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருந்தவர்கள். உள்ளூரில் பதிவு இல்லை. காரணம் நிறமா?

ஆமாம், பெரும்பாலும் அதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் 1948இல் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை வெள்ளையரும் வேறு சில இனத்தவரும் மணப்பதற்குத் தடை இருந்தது. பஞ்சாபி ஆண்கள் மெக்சிகோப் பெண்களை மணப்பதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது அந்தக் கிளார்க்கின் கண்ணைப் பொறுத்தது. இருவருக்கும் "பிரவுன்" என்று எழுதி லைசென்ஸ் கொடுத்த இடங்கள் உண்டு. கொடுக்காவிட்டால் பக்கத்துக் கவுண்டி, அல்லது அரிசோனா, நியூ மெக்சிகோ. அந்த இரண்டு மாநிலத்திலும் தேடச் சொல்லுங்கள். பஞ்சாபிப் பெயர் எழுதப்பட்ட விதம் விசித்திரமாக இருக்கும், பெண் பெயரை வைத்துத் தேடுவதே சுலபம். நிறக் கட்டத்தில் இருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அது தாத்தாவின் நிறம் இல்லை, கிளார்க்கின் தீர்ப்பு.

1909இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளாடிஸ் எமரி என்ற பெண், ஜப்பானியரான குன்ஜிரோ ஆவோக்கியை மணக்க விரும்பினார். சொந்த மாநிலத்தில் முடியாது. ஓரிகனிலும் லைசென்ஸ் இல்லை என்றார்கள். கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டிலில் மணந்தார்கள், பெண்ணின் தாய் கூடவே போனார். 1907ஆம் வருடச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமையை இழப்பாள். கிளாடிஸும் இழந்தார். ஆகவே உங்கள் மரத்தில் அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண் சென்சஸில் அந்நியர் என்று இருந்தாலோ, பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாலோ, கணவர் யார் என்று பாருங்கள்.

வர்ஜீனியாவின் லவிங் தம்பதி (கணவர் வெள்ளையர், மனைவி கறுப்பினத்தவர்) பற்றிப் பலருக்குத் தெரியும். 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் மணந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரத்தில் நள்ளிரவில் படுக்கையறைக்குள் ஷெரிஃப் வந்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார்கள், இங்கே அது செல்லாது என்றார். ஒரு வருடச் சிறைத் தண்டனை, 25 வருடம் மாநிலத்தை விட்டு வெளியேறினால் நிறுத்திவைப்பு. 1967 ஜூன் 12இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைத் தூக்கி எறிந்தது. தேடுபவர்களுக்கு இதில் ஒரு தடயம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஜோடியின் கல்யாணம் வெளி மாநிலப் பதிவேட்டில் இருக்கும், உள்ளூரில் அவர்கள் பெயர் குற்ற வழக்குப் புத்தகத்தில் இருக்கும். அதையும் புரட்டுங்கள். மனம் கனத்துத்தான் போகும்.

கேள்வி: என் பெற்றோர் தமிழர்கள், சிகாகோவில் இருந்தார்கள். 1988இல் பதிவுக் கல்யாணம். சான்றிதழ் விஸ்கான்சினுடையது. கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 1988 ஜனவரி முதல் 1989 செப்டம்பர் வரை, கல்யாணத்துக்கு முன் எச்ஐவி பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. செலவு ஜோடியுடையது. முதல் வருடத்திலேயே அங்கே லைசென்ஸ் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, ஏராளமானோர் பக்கத்து மாநிலங்களுக்குப் போனார்கள். உங்கள் பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் கொள்ளுப்பாட்டி கல்யாணத்தைப் "பாண்டிச்சேரிக்குப் போய்ப் பண்ணினது" என்பார்கள். 1931 வாக்கில். உறவே இல்லாத ஊருக்கு ஏன் போக வேண்டும்?

இதுவும் எல்லை தாண்டிய கல்யாணம்தான். 1930 ஏப்ரல் 1 முதல் சாரதா சட்டம் அமலுக்கு வந்தது: பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 நிரம்ப வேண்டும். அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். பிரெஞ்சுப் பாண்டிச்சேரியிலும் சமஸ்தானங்களிலும் செல்லாது. ருதுவாகும் முன் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த குடும்பங்கள் அங்கே போய் முகூர்த்தம் வைத்தன. அமெரிக்கக் கதைகளில் ஜோடிதான் ஓடியது. இங்கே பெரியவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதை எழுதும்போது எனக்கு அந்தச் சிறுமியின் முகம்தான் தெரிகிறது.

சடங்கு மட்டும் செய்து திரும்பியிருந்தால் அரசுப் பதிவு கிடைப்பது கஷ்டம். பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் கட்டு, மொய்க் கணக்கு நோட்டு, இவற்றில் தேடுங்கள். பத்திரிகையில் ஊர் பெயரும் வருடமும் இருந்தாலே போதும்.

கேள்வி: மனைவியின் மாமா ஆண் ஒருவரோடு முப்பது வருடம் வாழ்ந்தவர். ஒஹையோவில் அவர்கள் கல்யாணப் பதிவு இல்லை. வம்சாவளியில் எப்படி எழுதுவது?

ஒஹையோ என்றதும் எனக்கு ஜிம் ஓபர்கெஃபெல்லும் ஜான் ஆர்தரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஜான் தீராத நரம்பு நோயில் படுக்கையில் இருந்தார். சொந்த மாநிலம் அனுமதிக்காததால், 2013 ஜூலையில் மருத்துவ வசதியுள்ள சிறு விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, விமான நிலைய ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்துகொண்டு திரும்பினார்கள். அவர்கள் வழக்குப் போட்டது இறப்புச் சான்றிதழில் ஒரு கட்டத்துக்காக: உயிரோடிருக்கும் துணை. அக்டோபரில் ஜான் இறந்தார். 2015 ஜூன் 26இல், ஒரே பாலினத்தவர் கல்யாணம் நாடு முழுவதும் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஓபர்கெஃபெல் பெயரில் வந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் இப்படிப்பட்ட கல்யாணத்தை 2004இல் அனுமதித்தது. மாமாவுக்கு அதற்குப் பிறகான பதிவு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் 2008 வரை அங்கே வெளி மாநில ஜோடிகளுக்கு 1913ஆம் வருடத்துப் பழைய சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. மேரிலாந்து என்றால் 2013 முதல். எதுவும் கிடைக்காவிட்டாலும் முப்பது வருடத்தை வீட்டுப் பத்திரம், உயில், இரங்கல் செய்தி ஆகியவற்றை வைத்து எழுதலாம். துணைவர் என்றே எழுதுங்கள், நண்பர் என்று வேண்டாம்.

முதல் கேள்வி கேட்டவரிடமிருந்து: அக்கா, கிடைத்துவிட்டது! எல்க்டன், 1934 அக்டோபர். ஆனால் பாப்டிஸ்ட் போதகர். இவர்கள் கத்தோலிக்கர்கள், பிள்ளைகளுக்கெல்லாம் கோயிலில்தான் ஞானஸ்நானம். அதுதான் புரியவில்லை.

ரொம்ப சந்தோஷம்! அப்படியானால் இன்னொரு பதிவும் இருக்கக்கூடும். பாப்டிஸ்ட் போதகர் முன் நடந்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காது. ஆகவே பிறகு பங்குச் சாமியார் (அவர்கள் பகுதிக் கோயிலின் குரு) முன் அதைச் சரிசெய்திருப்பார்கள், பெரும்பாலும் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முன்பு. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆன பங்கின் கல்யாணப் பதிவேட்டை 1934 முதல் 1937 வரை கேளுங்கள். பாட்டி குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பங்கையும் விடாதீர்கள். அந்தப் பழைய பதிவின் ஓரத்தில், பின்னாளில் யாரை, எங்கே, எந்தத் தேதியில் மணந்தாள் என்று சின்ன எழுத்தில் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. அலுவலகத்தில் நகல் கேட்கும்போது ஓரக்குறிப்போடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.