ரைல்ஸ் றாக்கை: எதைத் தெரிவது?

கேள்வி: ஏ-9 வீதியோரம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறோம். 20 அடிக்கு 15 அடி அறையை ரைல்ஸ் காட்சிக்கு ஒதுக்கியுள்ளோம். இழுத்துப் பார்க்கும் றாக்கையைக் கொழும்பில் வாங்குவதா, இங்கேயே பலகையில் செய்விப்பதா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: இரண்டும் வேண்டாம். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சாய்வு றாக்கை செய்வியுங்கள். இரண்டடிச் சதுரப் போசலின் ரைல் ஒன்றே ஏறக்குறைய 8 கிலோ. 8 அடி நீள றாக்கையில் இரண்டு வரிசையாக 8 ரைல் நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னும் இரண்டைச் செருகினால் 190 கிலோ தாண்டிவிடும். செருகாத கடையே இல்லை. அந்தப் பாரத்துக்கே கணக்குப் போடுங்கள். பலகை வளையும், மாரியில் ஊதும், கறையானும் ஏறும்.

இழுவை றாக்கை பார்வைக்கு அழகுதான். ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் வீதிப் புழுதி கீழ்த் தடத்தில் இறுகி, சில்லு சிக்கிக்கொள்ளும். நான்கைந்து தட்டை ஒருமிக்க இழுத்தால் பாரம் முன்னுக்கு வந்து றாக்கையே கவிழலாம்.

40 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்), 2 மில்லிமீற்றர் தடிப்பில் எடுங்கள். 8 அடிக்கு மூன்று கால்சட்டம் வேண்டும். அடிப்பாகம் 2 அடி ஆழம். சாய்வுதான் முக்கியம்: 4 அடி உயரத்துக்கு 10 அங்குலம் பின்னால் போகவேண்டும். குறைந்தால், பிள்ளையின் கை பட்டாலே ரைல் முன்னால் விழும். கூடினால் புழுதி படியும், மேல் விளக்கு ரைலில் பளிச்சிட்டு நிறத்தை மறைக்கும். ரைல் நிற்கும் விளிம்பு 40 மில்லிமீற்றர் அகலமாக இருக்கட்டும். அதில் றபர் பட்டி ஒட்டாவிட்டால் ரைலின் ஓரம் உதிரும். கூட்டிக் கழுவ வசதியாகக் கீழ் வரிசை நிலத்திலிருந்து 6 அங்குலம் உயரட்டும். பெயின்ற் பூசுமுன் கறள் தடுப்புப் பூச்சு கட்டாயம்.

காலடித் தகட்டை 10 மில்லிமீற்றர் அங்கர் போல்ற்றால் நிலத்தில் இறுக்குங்கள். ஆனால் மண் நிரவி மேலே சீமெந்து பூசிய நிலமென்றால் போல்ற் பிடுங்கிக்கொண்டு வரும். காலுக்குக் கால் குழி வெட்டிக் கொங்கிறீற் போட்ட பிறகே றாக்கையை நிறுத்துங்கள்.

கேள்வி: கடையில் பார்த்த நிறம் வீட்டில் இல்லையென்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: மஞ்சள் வெளிச்சம் வேண்டாம், வெள்ளை விளக்குப் போடுங்கள். வாங்குமுன் மாதிரியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். அதைவிடப் பெரிய காரணம் தொகுதி மாறுவது. ஒரே பெயருள்ள ரைலும் சுடும் தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று மாறும். பெட்டியிலுள்ள நிற இலக்கத்தை மாதிரியின் பின்னால் எழுதி, புது இருப்பு வந்த அன்றே மாதிரியையும் மாற்றிவிடுங்கள்.