எட்டு நொடி எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதமாக ஜிம்மில் ரோயிங் மெஷின் இழுக்கிறேன். வயது 42, எடை 62 கிலோ. மெஷின் கான்செப்ட்2, மானிட்டர் பிஎம்5. வாரம் நான்கு நாள், நான்கு நாளும் 2000 மீட்டர், முழு மூச்சில். டேம்பர் எப்போதும் 10. முதலில் 8:24 வந்தது, ஐந்தாம் மாதம் 8:06. அதற்குப் பிறகு மூன்று மாதமாக நகரவில்லை. போன வாரம் நண்பருடைய ஜிம்மில் இழுத்தபோது 7:58! இங்கே திரும்பி வந்தால் 8:09. எங்கள் மெஷின் இறுகிப் போயிருக்கிறதா? எதை என் நேரம் என்று எழுதிக்கொள்வது? 5000 மீட்டர் ஒரே ஒரு முறை போனேன், 23:10. மானிட்டர் காட்டும் கலோரியை நம்பலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மெஷின் மேல் பழி போடுமுன் அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் இழுத்து முடித்துவிட்டு முன்னால் நகரும் ஒவ்வொரு முறையும், ஃப்ளைவீல், அதாவது உள்ளே சுழலும் சக்கரம், எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்று மானிட்டர் அளக்கிறது. அதிலிருந்து வருவதுதான் டிராக் ஃபேக்டர். உங்கள் வாட்ஸ், ஸ்பிளிட் (500 மீட்டருக்கு ஆகும் நேரம்) எல்லாம் அந்த எண்ணை வைத்தே கணக்காகின்றன. கூண்டுக்குள் தூசி அடைத்திருந்தாலும், ஊட்டியில் காற்று லேசாக இருந்தாலும் மானிட்டர் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிடும். ஆக, இரண்டு நேரமும் உண்மைதான். 8:06-க்கும் 7:58-க்கும் நடுவே உள்ள எட்டு நொடியை 'இறுகிய மெஷின்' உங்களிடமிருந்து திருடவில்லை.

ஆனால் 'டேம்பர் 10' என்று எழுதி வைப்பதில் பயனில்லை. டேம்பர் ஒரு காற்றுக் கதவு, அவ்வளவுதான். சுத்தமான மெஷினில் 10 வைத்தால் டிராக் ஃபேக்டர் 200-ஐத் தாண்டும். தூசி படிந்த மெஷினில் அதே 10-க்கு வெகுவாகக் குறைந்திருக்கும். மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' தொட்டுவிட்டு, நாலைந்து தடவை சீராக இழுங்கள், எண் வரும். 115-லிருந்து 125-க்குள் வரும்படி டேம்பரை நகர்த்துங்கள். அது 4-லும் இருக்கலாம், 6-லும் இருக்கலாம். எந்த ஜிம்முக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். 62 கிலோ உடம்புக்கு 200 டிராக் என்றால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் பாறையை நகர்த்துவது போலத்தான். கால் சோர்வதற்கு முன்பே இடுப்பு சோர்ந்துவிடும்.

அப்படியானால் அந்த எட்டு நொடி? ஏசி, தூக்கம், பக்கத்தில் ஆள் இருந்த ரோஷம், முதல் 500-ஐ எப்படி ஆரம்பித்தீர்கள் என்பது. எதுவாகவும் இருக்கலாம். உங்கள் குறிப்பில் நேரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. 7:58-ஐ உங்கள் சிறந்த நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது நீங்கள் சம்பாதித்தது. பயிற்சி வேகத்தைக் கணக்கிட மட்டும் 8:06-ஐ எடுங்கள்.

இனி நேரத்தோடு வாட்ஸையும் எழுதுங்கள். வாட்ஸ் என்பது 2.80-ஐ, ஒரு மீட்டருக்கு ஆகும் நொடியின் மும்மடியால் வகுத்து வருவது. 8:24 என்றால் ஸ்பிளிட் 2:06, அதாவது 175 வாட்ஸ். 8:06 என்றால் 2:01.5, 195 வாட்ஸ். நேரம் குறைந்தது 3.6 சதவீதம், சக்தி கூடியதோ 11 சதவீதத்துக்கும் மேல். வேகம் கூடக் கூட அடுத்த ஒரு நொடிக்கு விலை ஏறிக்கொண்டே போகும் என்பதால், முதல் ஐந்து மாதம் போலவே அடுத்த ஐந்து மாதமும் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது தேக்கத்துக்கு வருவோம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 23:10. தூரம் இரட்டிப்பானால் ஸ்பிளிட் ஏறக்குறைய 5 நொடி கூடும் என்று ரோயிங்காரர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி 2000-க்கு 2:01.5 போகிறவர் 5000-க்கு 2:08 போக வேண்டும், மொத்தம் 21:21. நீங்கள் போனது 2:19. கைக்கணக்கு ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும், சரி. ஆனால் 11 நொடி இடைவெளி என்றால் அடித்தளம் போடாமல் மாடி எழுப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாரம் நான்கு முறை பரீட்சை எழுதுகிறீர்கள், படிக்கவே உட்காரவில்லை.

2000 மீட்டரை ஆறு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். நான்கு நாளில் இரண்டு நாள் நிதானம்: 2000 மீட்டர் வாட்ஸில் 55-60 சதவீதம், உங்களுக்கு 107-117 வாட்ஸ், ஸ்பிளிட் 2:24-2:28. ஸ்ட்ரோக் ரேட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது, 18-20. முதல் வாரம் 15 நிமிடம் மூன்று தடவை, நடுவே ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க. போகப் போக இடைவெளியில்லாமல் 60 நிமிடம். பக்கத்து ஆளிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் மானிட்டர் என்ன சொன்னாலும் வேகத்தைக் குறையுங்கள். மூன்றாம் நாள் 500 மீட்டர் எட்டு, நடுவே மூன்றரை நிமிட ஓய்வு. முதல் ஏழும் 2:02-ல் ஒரே மாதிரி, எட்டாவதை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். முதல் இரண்டை 1:54-ல் போய்விட்டு ஆறாவதில் 2:10-க்கு விழுகிறவர்கள்தான் அதிகம். அப்படி விழுந்தால் அந்தப் பயிற்சி வீண். இன்னொன்று: எட்டின் சராசரி 2:00 வந்தால் '4000 மீட்டர் 2:00-ல் போனேன்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நடுவே 24 நிமிடத்துக்கும் மேல் ஓய்வு இருக்கிறது.

நான்காம் நாள்தான் உங்கள் உண்மையான அளவுகோல்: 30 நிமிடம், ரேட் 20-ஐத் தாண்டக் கூடாது. ரேட்டைப் பூட்டிவிட்டால் வேகமாக ஆடி ஏமாற்ற வழியில்லை, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பது மட்டுமே தெரியும். ஸ்பிளிட் 2:15, ரேட் 20 என்றால் 142 வாட்ஸ், ஸ்ட்ரோக்குக்கு 427 ஜூல். அதே 2:15-ஐ ரேட் 30-ல் போனால் 285 ஜூல்தான். மானிட்டரில் ஸ்பிளிட் ஒன்றேதான், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் உடம்பு செய்யும் வேலை வேறு.

ரேட் 20-ல் தடுமாறினால் மானிட்டரில் ஃபோர்ஸ் கர்வ் திரையை, அதாவது ஒரு இழுப்பில் விசை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை, போட்டுப் பாருங்கள். ஒரே மேடாக, முன்பாதியில் எழுந்து மெல்ல இறங்க வேண்டும். நடுவே பள்ளம் விழுந்து இரண்டு மேடு தெரிந்தால், இருக்கை மட்டும் பின்னால் ஓடுகிறது, கைப்பிடி கூடவே வரவில்லை. முதுகைத் தளர விட்டுக் காலை நீட்டுவதால் வரும் கோளாறு இது. கால் பாதிக்கு மேல் நீளும்வரை உடம்பு முன்சாய்வாகவே, கை நேராகவே இருக்கட்டும். திரும்பும்போது கை, இடுப்பு, முழங்கால் என்ற வரிசை. கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்க வேண்டும். இழுப்புக்கு ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு.

நோட்டில் தேதி, எந்த மெஷின், டிராக் ஃபேக்டர், பயிற்சி, சராசரி வாட்ஸ், ரேட், சராசரி ஹார்ட் ரேட், ஃபேனா ஏசியா, இத்தனையும் ஒரே வரியில் வரட்டும். ஹார்ட் ரேட்டுக்கு நெஞ்சுப் பட்டை வாங்குங்கள். இழுக்கும்போது மணிக்கட்டு அசைவதால் வாட்ச் உளறும். 60 நிமிட நிதானத்தில் வாட்ஸ் மாறாமலிருக்க, முதல் பாதியைவிடப் பின்பாதியில் ஹார்ட் ரேட் 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஒன்று வேகம் அதிகம், அல்லது அறை புழுக்கம். கோவையிலும் ஏப்ரல் மாதம் ஃபேன் இல்லாமல் எடுத்த எண்ணை டிசம்பர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

தூரத்தை 'ஜஸ்ட் ரோ'வில் (எதையும் செட் பண்ணாமல் இழுக்கும் முறை) கண்ணால் பார்த்து நிறுத்தாமல், முன்கூட்டியே மானிட்டரில் செட் பண்ணுங்கள். கான்செப்ட்2-வின் எர்க்டேட்டா ஆப்பை இணைத்துவிட்டால் முடிவு தானாக அவர்களுடைய ஆன்லைன் லாக்புக்குக்குப் போய்விடும், கைவேலை கிடையாது. பாதியில் விட்டதையும் '1200-ல் நிறுத்தினேன், ரேட் 31, முதல் 500 1:53' என்று எழுதுங்கள். முன்னேற்றம் நின்றுபோன மாதத்தில் திருப்பிப் பார்க்க உதவுவது அந்த வரிகள்தான். சிறந்த நேரம் மட்டும் உள்ள நோட்டில் எல்லா மாதமும் நல்ல மாதமாகவே தெரியும்.

கலோரி எளிது. வாட்ஸை 4-ஆலும் 0.8604-ஆலும் பெருக்கி, அதோடு 300 கூட்டினால் மானிட்டர் காட்டும் ஒரு மணிநேரக் கணக்கு. அந்த 300 ஏறக்குறைய 79 கிலோ ஆளுக்கானது. உங்கள் எடைக்கு 234 போதும், ஆகவே மணிக்கு 66 கழித்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து டெஸ்ட். டிராக் 120, அதே மெஷின், அதே நேரம், முந்தின நாள் ஓய்வு. இலக்கு 8:00 என்றால் முதல் ஐந்தாறு ஸ்ட்ரோக்கில் 1:45 தெரியும், பயப்பட வேண்டாம். பத்தாவது ஸ்ட்ரோக்குக்குள் 2:01-க்கு இறக்கிவிடுங்கள். ரத்தம் சூடாக இருக்கும்போது 1:50 சுகமாகத்தான் தோன்றும், ஆனால் அது 263 வாட்ஸ், உங்கள் இப்போதைய சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 1500 வரை 2:00-க்கும் 2:01-க்கும் நடுவே நில்லுங்கள். கடைசி 500-ல் முதலில் ரேட்டை இரண்டு ஏற்றுங்கள், 250 இருக்கும்போது இன்னும் இரண்டு. 1000 மீட்டரிலேயே 2:05-க்குச் சரிந்துவிட்டால் கைப்பிடியைப் போட்டுவிடாதீர்கள். முடித்து, வந்த எண்ணை எழுதி அனுப்புங்கள்.