காணியாட்சி என்றால் என்ன?

'எங்கள் முன்னோர் செங்கல்பட்டுப் பக்கம் காணியாட்சிக்காரர்' என்று சென்னையில் சில குடும்பங்கள் சொல்லும். அதற்கு என்ன பொருள் என்பது கேள்வி.

காடு திருத்தி முதலில் குடியேறியதாகச் சொல்லப்படும் குடும்பங்களுக்கு ஊர் நிலத்தில் இருந்த பரம்பரைப் பங்குதான் காணியாட்சி. மிராசு என்பதும் இதுவே.

ஏன் பங்கு? ஏரியும் வாய்க்காலும் ஒரு வீட்டால் ஆகிற காரியமில்லை. பொதுச் செலவு, அதனால் பொது உரிமை. (உழுதவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள், அது தனிக் கதை.) பல ஊர்களில் இது அபார்ட்மென்ட் மனையில் உங்களுக்குள்ள யூடிஎஸ் (பிரிக்கப்படாத பங்கு) மாதிரி: பங்கு உண்டு, எந்த மூலை என்று காட்ட முடியாது. பசுங்கரை ஊர்களில், அதாவது நிலத்தை நிரந்தரமாகப் பிரிக்காமல் பொதுவில் வைத்த ஊர்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களையே மாற்றிக்கொண்டார்கள். நல்ல வயல் ஒருவரிடமே தங்கக் கூடாதல்லவா! சென்னை கலெக்டர் எல்லிஸ் 1818இல் இதை விரிவாக எழுதினார்.

காணியாட்சி இருந்தாலே முதல் குடியேறி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பங்கை விற்கவும் அடகு வைக்கவும் முடிந்தது. உங்கள் முன்னோர் விலைக்கு வாங்கியவராகவும் இருக்கலாம்.