கடைப் படங்களை எப்படி ஏற்றுவது, எங்கே வைப்பது? கேட்டவர்களுக்குப் பதில்

வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் நானே நான்கு வருடம் கைத்தறிச் சேலை ஆன்லைனில் விற்றேன். பொருட்களின் படங்கள் பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சேலைக்காரர்களுடையது என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வருகின்றன.

இளம்பிள்ளையிலிருந்து ஒருவர்: அக்கா, தறிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைத்தான் கடையில் ஏற்றுகிறேன். பெரிதாக்கினால் மங்கலாக இருக்கிறது. அவருக்கு நல்ல போன் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, அவருடைய போன் போதும். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நன்றாகச் சுருங்கித்தான் உங்களுக்கு வந்து சேரும். அதை நீங்கள் வெட்டி, பேர் எழுதி மறுபடி சேமிக்கும்போது இன்னும் கொஞ்சம் கெடும். ஜேபெக் (போன்கள் வழக்கமாகப் படம் சேமிக்கும் வகை, .jpg) படத்தின் குணமே அது, திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் நுணுக்கம் கொஞ்சம் போகும். ஜரிகைப் புட்டாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலப் படத்தில் இழை இழையாகத் தெரியும், சுருங்கிய படத்தில் மஞ்சள் தீற்றல் மாதிரி இருக்கும்.

படத்தை அனுப்பும்போது கேலரி வழியாக அனுப்பாமல், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே முழுசாக வரும். ஒரு எச்சரிக்கை: அப்படி வரும் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் இருக்கலாம். வீட்டில் வைத்துப் படம் எடுக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

தேனியிலிருந்து: போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறோம். கடை திறக்க நேரமாகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படம் 4 எம்பி. முதல் பக்கத்தில் 30 பொருள் என்றால் 120 எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர், உங்கள் கடை வாசலில் கால் வைத்ததுமே அன்றைய டேட்டாவில் பன்னிரண்டில் ஒரு பங்கை இழக்கிறார். பஸ்ஸில் போய்க்கொண்டே பார்ப்பவர் பாதியில் மூடிவிடுவார்.

பெரிதாக்கிப் பார்க்கும் படத்துக்கு நீளப் பக்கம் 1600 முதல் 2000 பிக்சல், தரம் (சுருக்கும்போது நூற்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் எண்) 80 என்று வைத்தால் பெரும்பாலும் 200 முதல் 400 கேபிக்குள் அடங்கும். வரிசையாகக் காட்டும் பக்கத்துக்கு 500 பிக்சலில் சின்னப் படம், ஒன்று 50 கேபி. அதே 30 பொருளும் அப்போது ஒன்றரை எம்பிதான். சுருக்குவதற்கு ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளம் இருக்கிறது. முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேல் உள்ள படத்தைத் தானாகக் குறைத்துக்கொள்கிறது, சின்ன அளவுகளையும் தானே செய்துகொள்கிறது. உங்களுடையது தனியாக எழுதிய தளம் போலிருக்கிறது, அதனால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கட்டம் போட்ட சேலை விற்பவர்களுக்கு மட்டும் ஒன்று. சின்னச் சின்னக் கட்டமுள்ள துணியின் படத்தைச் சுருக்கினால், துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் சில சமயம் தோன்றும். சுருக்கிய படத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஏற்றுங்கள். அலை தெரிந்தால் கொஞ்சம் கிட்டே நின்று மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிவகாசியிலிருந்து: எல்லாப் படத்தையும் கூகுள் டிரைவில் போட்டு, லிங்க்கைத்தான் கடையில் கொடுத்திருக்கிறேன். செலவே இல்லை. இது சரியா?

சரியில்லை, சீக்கிரம் மாற்றிவிடுங்கள். டிரைவ் என்பது கோப்பு வைக்கிற அலமாரி. ஆயிரம் பேருக்குப் படம் காட்டுவதற்காக அதைச் செய்யவில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலிருந்து எடுக்கும் பட லிங்க்கும் கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும்.

2017இல் நடந்ததைச் சொல்கிறேன். ஃபோட்டோபக்கெட் என்ற தளத்தில் பல வருடங்களாக இலவசமாகப் படம் வைத்து, லிங்க்கை ஈபே, அமேசான் பக்கங்களில் கொடுத்து ஏராளமானோர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனம் திடீரென்று விதியை மாற்றியது. வெளித் தளங்களில் படம் தெரிய வேண்டுமென்றால் வருடத்துக்கு 399 டாலர் கட்டு என்றது. பொருள் படம் இருந்த இடத்திலெல்லாம் பணம் கட்டச் சொல்லும் அட்டைதான் தெரிந்தது.

இடச் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். 500 பொருள், ஒவ்வொன்றுக்கும் 5 படம், படம் 300 கேபி என்றால் மொத்தம் 750 எம்பிதான். சாதாரண ஹோஸ்டிங்கிலேயே, அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே, அடங்கும். ஷாப்பிஃபையில் கடை வைத்திருந்தால் படங்களுக்கான இடம் அதிலேயே சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர் கூட இருந்தால் கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 சேமிப்பில் 10 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம்.

எங்கே வைத்தாலும், மூலப் படம் உங்கள் கையில் இருக்கட்டும். நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது இது. என் கடை இருந்த ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. தளத்தை மறுபடி எழுதி வாங்கிவிட்டேன். ஆனால் 340 சேலைகளின் படம் போனது போனதுதான். போனில் இடம் பத்தவில்லை என்று ஏற்றியவுடன் அழித்துவிட்டிருந்தேன். சேலைகளும் விற்றுப் போயிருந்தன, திரும்ப எடுக்க வழியில்லை. இந்த டிசைன் மறுபடி கிடைக்குமா என்று பழைய வாடிக்கையாளர் கேட்டால், காட்ட ஒன்றுமில்லாமல் வாயால் வர்ணித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில், ஒரு பிரதி டிரைவில் வைத்திருக்கிறேன். டிரைவ் இதற்கு நன்றாகவே உதவும்.

ஆரணியிலிருந்து: மெரூன் என்று நினைத்து வாங்கினேன், அரக்கு வந்திருக்கிறது என்று மாதம் இரண்டு சேலையாவது திரும்பி வருகிறது அக்கா.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் எந்த நிறம் உண்மை என்று கேமரா குழம்பிவிடும். நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம், காலை பத்து மணிக்கு மேல், சேலையோடு ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிகிற வரை நிறத்தைச் சரிசெய்து, அதே மாற்றத்தை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள்.

இரட்டை நிறச் சேலை வேறு கதை. பாவு (நீள நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை என்று நெய்த மயில் கழுத்துச் சேலை, நிற்கிற இடத்தைப் பொறுத்து நிறம் மாறும். ஒரே படத்தில் அதைக் காட்டவே முடியாது. நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, மடிப்பை அசைத்து பத்து நொடி வீடியோ ஒன்று என்று மூன்றும் போடுங்கள். கீழே எழுத்திலும் சொல்லிவிடுங்கள்: ‘உள்மடிப்பில் பச்சை தூக்கலாகத் தெரியும்’.

ஐபோனில் எடுத்த படத்தைத் தளம் ஏற்க மாட்டேன் என்கிறது.

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் ஹெச்இஐசி என்ற வகையில் படம் சேமிக்கிறது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தேர்ந்தெடுங்கள். இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முகவரி நீளும். ‘சேலை’ என்ற சின்னச் சொல்லே முகவரியை நகலெடுக்கும்போது சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 36 குறிகளாகிவிடும். கோப்பின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். படத்துக்கான மாற்று விவரணையை (ஆல்ட் டெக்ஸ்ட்) தமிழில் எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டுவது அதைத்தான்.

படத்தை மாற்றிவிட்டேன், வாடிக்கையாளருக்குப் பழையதே தெரிகிறது.

பழைய படம் அவருடைய போனில் தங்கியிருக்கும். அதே பெயரில் ஏற்றாமல், கடைசியில் 2 என்று சேர்த்துப் புதுப் பெயரில் ஏற்றுங்கள்.

மதுரையிலிருந்து: என் படங்களை வேறொரு கடைக்காரர் எடுத்துப் போட்டு விற்கிறார். மேலே கடைப் பேரை எழுதிவிடலாமா?

சொந்தத் தளத்தில் எழுதலாம், முந்தியையும் கரையையும் மறைக்காமல் ஓரமாகச் சின்னதாக. அமேசானில் முதன்மைப் படத்தில் எழுத்தோ வாட்டர்மார்க்கோ கூடாது. பின்னணி முழு வெள்ளையாக இருக்க வேண்டும், படத்தின் பரப்பில் 85 சதவீதத்தைப் பொருள் நிறைத்திருக்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே உரிமை. நீங்கள் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்தக் கடை இருக்கும் தளத்தில் பதிப்புரிமைப் புகார் படிவம் இருந்தால், உங்கள் பக்கத்தின் முகவரி, அவருடைய பக்கத்தின் முகவரி இரண்டையும் கொடுத்து நிரப்புங்கள். சுருக்காத, வெட்டாத, எடுத்த தேதி உள்ளே பதிந்திருக்கும் மூலப் படத்தையும் கூடவே இணையுங்கள். அவரிடம் இருக்க முடியாதது அது ஒன்றுதான்.