ஹவாயின் அஅலிஇ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹவாய் எரிமலைப் பக்கம் ஒரு புதரில் சிவப்புக் காகிதப் பூ மாதிரி கொத்துக்கொத்தாகப் பார்த்தேன். என்ன பூ அது?

பதில்: பூ இல்லை, அஅலிஇ புதரின் காய். இதன் பூ கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். காய்க்கு மெல்லிய இறக்கைகள் இருக்கும்; சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று செடிக்குச் செடி நிறம் மாறும். எரிமலைக் குழம்பு இறுகிய தரையில் முதலில் வேர்விடும் செடிகளில் இதுவும் ஒன்று. கடலோரத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம் வரை வளர்கிறது.

கேள்வி: அந்த ஊர்க்காரர்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

பதில்: காயை வேகவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்து, மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் கப்பா துணிக்கு ஏற்றினார்கள். கட்டை கனமானது, உறுதியானது. வீட்டுத் தூண், ஈட்டி, மண் கிளறும் கோல் எல்லாம் செய்தார்கள். இலையைத் தோல் அரிப்புக்கு மருந்தாக வைத்துக்கொண்டார்கள். காய்க்கொத்தை வைத்து லெய் மாலை கட்டுவது இன்றும் உண்டு. ஹவாயின் மிகப் பெரிய தீவான பெருந்தீவின் தெற்கே காஊ பகுதியில் காற்று பலமாக அடிக்கும். "காற்றை எதிர்த்து நிற்கும் அஅலிஇ நான், என்னைச் சாய்க்கும் காற்று இல்லை" என்பது அந்த மக்களின் பழமொழி. அந்தச் செடியைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஹவாயின் மாவீ தீவில் இருக்கிறோம். அஅலிஇ விதை போட்டு நாளாகிறது, முளைக்கவே இல்லை.

பதில்: விதையின் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்த காயை உள்ளங்கையில் கசக்கி ஊதுங்கள். இறக்கைச் சக்கை பறந்துவிடும், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு விதை கையில் நிற்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையைப் போட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஊறிப் பருத்ததை எடுத்து, எரிமலைச் சரளை கலந்த மண்ணில் மேலாக விதையுங்கள். பருக்காததற்கு மறுபடியும் வெந்நீர். அப்புறம் நல்ல வெயிலில் வையுங்கள். நட்டு வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இந்தச் செடி வாடிச் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். பாசத்தில் தினமும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: செடி செழிப்பாக இருக்கிறது, காய் மட்டும் இல்லையே?

பதில்: பெரும்பாலும் ஆண் செடியாக இருக்கும். காய் வேண்டுமென்றால் நாலைந்து செடிகளைச் சேர்த்து நடுங்கள்.

கேள்வி: ஹவாயிலிருந்து தமிழ்நாட்டுக்கு விதை கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. தேவையும் இல்லை. நம் வறண்ட குன்றுகளில் நிற்கும் விராலியும் இதே இனம்தான்; இரண்டுக்கும் தாவரவியல் பெயர் டோடோனேயா விஸ்கோசா. அதன் விதைக்கும் இதே வெந்நீர் முறை போதும்.