டபிள்யூ.எச்.ஓ. இன்டர்ன்ஷிப்புக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை. மகளுக்கு 22 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு, சென்னையில் பொது சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய சீனியர் ஒருத்தி உலக சுகாதார நிறுவனத்தில் (டபிள்யூ.எச்.ஓ.) இன்டர்ன்ஷிப் முடித்து வந்ததிலிருந்து இவளுக்கும் அதே நினைப்பு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். பதிவுக் கட்டணம் என்று 5,000 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளிலேயே அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஓராண்டுப் பயிற்சி, முடிந்ததும் நிரந்தர வேலை என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் 1,80,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டுமாம், பயிற்சி முடிந்ததும் திரும்பக் கிடைக்குமாம். மகளின் அசல் சான்றிதழ்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை என்ன, எந்தக் கிழமையும் கட்ட வேண்டாம். அந்தக் கடிதம் போலி.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 24 வாரம். ஓராண்டுப் பயிற்சி என்று ஒன்று அங்கே கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை என்பதும் கிடையாது. வேலையை எதிர்பார்த்து வராதீர்கள் என்றுதான் அவர்கள் விதியே சொல்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் நீல நிறச் சின்னம் அச்சு அசலாக இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் கீழே பதில் அனுப்பச் சொல்லியிருக்கும் மின்னஞ்சலைப் பாருங்கள், ஜிமெயில் முகவரி. டபிள்யூ.எச்.ஓ. ஊழியர்களின் முகவரி 'who.int' என்றுதான் முடியும். அடுத்த பக்கத்தில் பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு: ஒரு தனி ஆளின் பெயரில் சேமிப்புக் கணக்கு, பக்கத்திலேயே க்யூஆர் கோடு. ஐ.நா. அமைப்பு ஒன்று தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் பணம் வாங்குமா? போதாக்குறைக்கு, தலைமை இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு மாணவியின் பயிற்சிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அவர் வேலையே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உங்கள் மகள் விண்ணப்பமே போடவில்லை. யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்கு எப்படி இடம் வரும்?

டபிள்யூ.எச்.ஓ. விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் பயிற்சிக்கும் எந்தக் கட்டத்திலும் ஒரு பைசா வாங்குவதில்லை. இதை அவர்களே தங்கள் இணையதளத்தில் எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். டெபாசிட், காப்பீட்டுக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கேட்பவன் மோசடிக்காரன். "எங்களுக்கு அரசுப் பதிவு இருக்கிறது" என்று ஃபிரேம் போட்ட ஒரு சான்றிதழைச் சுவரில் காட்டுவார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு அது. அந்தப் பதிவு உண்மையாகவே இருந்தாலும் இதில் செல்லாது, ஏனென்றால் டபிள்யூ.எச்.ஓ. பயிற்சிக்கு ஏஜென்ட் மூலம் ஆள் எடுப்பதே இல்லை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய ஊர் நம்முடையது. ஏஜென்ட் இல்லாமல் கடல் தாண்ட முடியாது என்று நம் ஆட்கள் மனதில் ஊறிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த மாதிரிதான், ஒவ்வொன்றையும் படிக்கும்போது வயிறு எரிகிறது.

சரி, நேர்வழி என்ன? டபிள்யூ.எச்.ஓ. இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குள் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் வரும். மகளே கணக்குத் தொடங்கி, தன் படிப்பு விவரங்களை நிரப்பி, ஏன் வர விரும்புகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதி அனுப்ப வேண்டும். 20 வயது நிறைந்திருக்க வேண்டும், பயிற்சி தொடங்கும் முன் மூன்றாண்டு முழுநேரக் கல்லூரிப் படிப்பு முடிந்திருக்க வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். முன்பு ஒரு முறை அங்கே இன்டர்ன்ஷிப் செய்தவர்களுக்கு மறுபடி இடமில்லை. வயதும் படிப்பும் உங்கள் மகளுக்குச் சரியாகவே இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் நாளைக் கணக்குப் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். இன்டர்ன்ஷிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. படிப்பை முடித்தவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு: முடித்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் ஏற்பார்கள். நம் பிள்ளைகள் இந்த ஆறு மாதத்தைப் பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு எப்போது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைசித் தேர்வு எழுதி, ரிசல்ட் வந்து, புரொவிஷனல் சான்றிதழ் கையில் வாங்கி, வேலைக்கும் போன பிறகுதான் ஒரு நாள் கறுப்பு அங்கி போடக் கூப்பிடுவார்கள். அங்கிருந்து எண்ணினால் வாசல் எப்போதோ மூடியிருக்கும். படிப்பு முடிந்த தேதி என்று சான்றிதழில் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும். கடைசி செமஸ்டர் மே மாதம் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், நவம்பர் வரைதான். அரியர் ஒன்று நின்றுபோய் அடுத்த ஆண்டு எழுதினால் கணக்கு மாறும். அதற்காக யாரும் அரியர் வைக்கப் போவதில்லை. ரிசல்ட் தாமதமானால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த யோசனையே வேண்டாம். கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். உங்கள் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு, அதனால் இந்தப் பருவமே அவளுக்கு ஏற்ற பருவம்.

அடுத்தது செலவு. 2020 ஜனவரிக்கு முன்னால் டபிள்யூ.எச்.ஓ. இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுத்ததில்லை. உலகத்துக்கே ஆரோக்கியத்தில் சமத்துவம் பேசுகிற நிறுவனம், ஜெனீவாவில் சொந்தக் காசில் தங்கச் சொன்னால் அங்கே யார் போவார்கள்? பணக்கார நாட்டுப் பிள்ளைகள்தான் போனார்கள். மாணவர்கள் பல ஆண்டு சத்தம் போட்ட பிறகு, 2018-இல் டபிள்யூ.எச்.ஓ.வின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார சபை ஒரு தீர்மானம் போட்டது: 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது மிகவும் பின்தங்கிய நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று. அதன் பிறகே உதவித்தொகை வந்தது. இப்போது வேறு இடத்திலிருந்து பண உதவி இல்லாதவர்களுக்குத் தங்கிச் சாப்பிட ஒரு தொகை உண்டு, காப்பீடும் உண்டு. விமானச் செலவும் விசா செலவும் நம்முடையவை.

அதனால் மகளிடம் ஜெனீவாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தென்கிழக்கு ஆசியாவுக்கான மண்டல அலுவலகம் புது டெல்லியில்தான் இருக்கிறது. விசா வேண்டாம். நெல்லையிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் நிஜாமுதீனில் இறங்கிவிடலாம். ஜெனீவா என்றால், 90 நாளுக்கு மேல் தங்க, ஐரோப்பிய நாடுகளுக்கு வழக்கமாக வாங்கும் குறுகிய காலத்துக்கான ஷெங்கன் விசா போதாது, நீண்ட காலத் தங்கலுக்கான விசா வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஜெனீவா என்று சொன்னால் ஊரில் பெருமையாக இருக்கும், தெரியும். கற்றுக்கொள்வதற்கு டெல்லி எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அமெரிக்கா விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்த பிறகு டபிள்யூ.எச்.ஓ. கடும் பணமுடையில் இருக்கிறது; 2026-27 பட்ஜெட்டை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடியாகக் குறைத்திருக்கிறார்கள். முதல் முறையே இடம் கிடைக்காமல் போகலாம். தேர்வாகாதவர்களுக்குப் பதில்கூட வராது. பிள்ளை மாதக்கணக்கில் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பாள், அது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் அங்கே நடைமுறை அப்படித்தான்.

அங்கே போய் என்ன செய்வார்கள் என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போதே பெரிய கனவோடு போய் முதல் வாரத்திலேயே சுருங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கடையநல்லூர்க்காரி, புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியில் இருந்தாள். பல நாடுகளின் அறிக்கைகளைப் படித்து எக்ஸெலில் கட்டம் கட்டமாக நிரப்புவதும், கூட்டங்களில் குறிப்பெடுப்பதும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. "இதுக்கா சார் இவ்வளவு பாடுபட்டேன்?" என்று போனில் அழுதாள். அப்புறம் ஒரு கூட்டத்தில் பீடித் தொழிலாளர்கள் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. பீடிக்கு வரியை ஏற்றினால் சுற்றுகிற பெண்களின் கதி என்ன, அவர்களுக்கு மாற்று வேலை எது என்று. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு அந்த மாற்றுவழியைத்தான் பேசுகிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் காகிதத்தில் படித்ததை இவள் கண்ணால் பார்த்தவள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். இலையை முந்தின இரவே நனைத்து வைப்பது, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவது, மடியில் தட்டோடு தூளின் நெடியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, கூலியை ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தருவது, கணக்குப் பார்க்கும்போது நன்றாக இருக்கும் பீடியையும் கழித்துப் போடுவது: எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அந்தப் பகுதியின் குறிப்பை எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகள் எழுதப்போகும் கடிதத்தில் "உலகுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எழுதினால் யாரும் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள். பீடி சுற்றும் முக்கூடலும் மேலப்பாளையமும் உங்களுக்கு எட்டாத தூரமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் களப்பயிற்சிக்குப் போனபோது என்ன பார்த்தாள், எந்த வீட்டில் எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, டெங்குக் கணக்கெடுப்பில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்ட மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்: இவற்றை எழுதச் சொல்லுங்கள். ரெடிமேட் கடிதம் எழுதித் தருகிறோம் என்றும் சில ஏஜென்ட்கள் காசு வாங்குகிறார்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். அதற்கும் போகாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் இடையில் ஒரு வார்த்தை. ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வேறு, இது வேறு. தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் 12 மாதத்தில் இதைக் கழிக்க முடியாது. கழித்துத் தருகிறோம் என்று சொல்பவனை நம்பாதீர்கள்.

கல்லூரியில் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருக்கும்: இவள் எங்கள் மாணவி, பயிற்சிக்குப் போக ஆட்சேபம் இல்லை என்று. நான்கே வரி. அதற்கு நம் கல்லூரிகளில் படும் பாடு சொல்லி மாளாது. முதல்வர் மீட்டிங்கில் இருப்பார், சீல் வைத்திருக்கும் கிளார்க் லீவில் இருப்பார், துறைத் தலைவர் "இதற்கு முன் யாரும் கேட்டதில்லையே" என்பார். பிள்ளைகளுக்குப் பெருமை சேர்க்கிற காரியத்துக்குக்கூட ஒரு கையெழுத்து இத்தனை நாள் இழுக்குமானால், பிள்ளைகள் ஏஜென்ட்டிடம் போகாமல் என்ன செய்வார்கள்? அந்தக் கல்லூரிகளுக்கும் இந்த மோசடியில் பங்கு உண்டு என்றே சொல்வேன். அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் கடிதத்தை இப்போதே கேட்டு வைக்கட்டும்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. அரசு இணையதளத்தைப் போலவே முகப்பு வைத்த போலித் தளங்கள் இருக்கின்றன, பிரவுசிங் சென்டரில் கொடுக்கும்போது முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கன்சல்டன்சியைக் கவனிப்போம். அசல் சான்றிதழ்களை வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பணம் கட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லி எச்சரிக்கையாக்கிவிட வேண்டாம். சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தாருங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நின்று வாக்குவாதம் செய்யாமல் நேரே காவல் நிலையம் போங்கள். கொடுத்த 5,000 ரூபாய்க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை இன்றே கூப்பிடுங்கள். பணம் கைமாறிக் கொஞ்ச நாளாகிவிட்டது, கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் அந்தக் கணக்கு எண் பதிவாகட்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், ஆஃபர் லெட்டர் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஜங்ஷன் மாநகரக் காவலின் எல்லை, நீங்கள் இருப்பது மாவட்டக் காவலின் எல்லை; இங்கே போ, அங்கே போ என்று அலைக்கழிப்பார்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்தாக வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இருக்கிறது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போடுங்கள் என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.