முஃப்தி போட்டோவும் ‘வாத’ங்கிற ரெண்டெழுத்தும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்க கட்டுரைகள்ல ‘இந்துத்துவ பாசிசம்’னு அடிக்கடி வருது. நான் சங்கி இல்ல, அவங்களுக்கு ஓட்டு கூட போட்டதில்ல. ஆனா ‘இஸ்லாமிய பாசிசம்’னு நீங்க ஒரு தடவையாவது எழுதியிருக்கீங்களா? ஜெருசலேம் முஃப்தி ஹிட்லரோட உக்காந்து பேசுற போட்டோ எங்க ஸ்கூல் பேட்ச் குரூப்ல வந்துச்சு. யூதர்களைக் கொல்ற ஐடியாவே அந்த ஆள் குடுத்ததுதான்னு இஸ்ரேல் பிரதமரே சொல்லியிருக்காராம். இதுக்கு உங்க பதில் என்ன? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டோ ஒரிஜினல்தான். 1941 நவம்பர் 28, பெர்லின். ஜெருசலேம் முஸ்லிம்களோட மதத் தலைவரான அந்த முஃப்தி, ஹாஜ் அமீன் அல் ஹுசைனி, வெள்ளைத் தலைப்பாவோட சேர்ல உக்காந்திருக்காரு, அந்தப் பக்கம் ஹிட்லர். ஏதோ மரியாதை நிமித்தமா பாத்தாருன்னு நான் சப்பைக்கட்டு கட்டப் போறதில்ல, அந்த மனுஷன் போர் முடியுற வரைக்கும் ஜெர்மன்காரன் செலவுலயே இருந்துக்கிட்டு ரேடியோல அரபில யூத வெறுப்பைக் கக்குனாரு, போஸ்னியா முஸ்லிம்களை நாஜிங்களோட எஸ்.எஸ். படைக்கு ஆள் பிடிச்சும் குடுத்தாரு. அவரை நாஜி கூட்டாளின்னா அது வசவு இல்ல, தகவல்.

ஆனா ‘ஐடியா குடுத்தவர்’ங்கிற கதை தேதியிலயே அடிபட்டுப் போயிடுது. கீவ் நகரத்து ஓரம் பாபி யார்னு ஒரு பள்ளத்தாக்கு. 1941 செப்டம்பர் 29, 30, ரெண்டே நாள்ல அங்க நாஜிங்க 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்னாங்க. இது சுட்டவங்களே தலைமைக்கு எழுதி அனுப்புன கணக்கு. முஃப்தி ஹிட்லரைப் பாக்குறதுக்கு முழுசா ரெண்டு மாசம் முன்னாடி. நெதன்யாகு நீங்க சொல்றதை 2015 அக்டோபர்ல சொன்னது நிஜம், மறுநாளே பெர்லின்ல அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அப்போதைய ஜெர்மன் சான்சலர் மெர்க்கல் ‘பொறுப்பு எங்களோடதுதான்’னு சொன்னதும் நிஜம், பத்து நாள்ல நெதன்யாகுவே முடிவெடுத்தது நாஜிங்கதான், முஃப்தி இல்லன்னு விளக்கம் குடுத்ததும் நிஜம். உங்க குரூப்ல மொதல் பாதி மட்டும் வந்திருக்கும்.

அதே ஹிட்லரோட இன்னொருத்தர் நிக்கிற போட்டோவும் இருக்கு, 1942 மே 29. சுபாஷ் சந்திர போஸ். மலேயா ரப்பர் தோட்டத்துலேர்ந்து ஐ.என்.ஏ.ல சேர்ந்த தமிழர்களோட பேரன் பேத்திங்க இன்னும் அவர் படத்தை மாட்டி வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, முஃப்தி செஞ்ச வேலையை போஸ் செய்யல. ஆனா ஒரு போட்டோவைக் காட்டி ஒரு மதத்துக்கே பேர் வைக்கலாம்னா இந்தப் போட்டோவை என்ன பண்றது?

‘இஸ்லாமோ பாசிசம்’ங்கிற சொல்லோட கதை தனி. 1990ல மாலிஸ் ரூத்வன்ங்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒரு பேப்பர்ல இதைப் போட்டப்போ அவர் சொன்னது தீவிரவாதிங்களை இல்ல, மொராக்கோவுலேர்ந்து பாகிஸ்தான் வரைக்கும் இருந்த சர்வாதிகார அரசாங்கங்களை. (அதுல பாதிப்பேர் அமெரிக்காவுக்கு தோஸ்து.) 2006 ஆகஸ்ட்ல, லண்டன்லேர்ந்து போற விமானங்களை வெடிக்க வைக்கிற சதி பிடிபட்ட அன்னைக்கு, அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி புஷ் ‘இஸ்லாமிய பாசிஸ்ட்டுகள்’னு மைக்ல சொன்னப்போ சொல்லு அப்படியே திரும்பிருச்சு, தோஸ்துங்க எல்லாம் வெளிய, எதிரிங்க மட்டும் உள்ள. அதுக்கப்புறம் அது போர் கோஷம்தான்.

மதத்தையும் பாசிசத்தையும் சேர்த்து ஒரு சொல் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. 1920கள்ல இத்தாலியில முசோலினி பின்னாடி போன கத்தோலிக்கர்களை ‘குருமார் பாசிஸ்ட்’ங்கிற அர்த்தத்துல ஒரு பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. அந்தப் பேரைப் புழக்கத்துல விட்டவங்கள்ல முக்கியமானவர் லூயிஜி ஸ்டுர்சோ, அவரே பாதிரியார், மக்கள் கட்சின்னு கட்சி நடத்துனவர், 1924ல நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாப் போச்சு. தன் வீட்டு ஆளைப் பாத்து, இன்னார்னு கை நீட்டி சொன்ன சொல் அது.

அந்தச் சொல்லுக்கு அச்சுல வார்த்த மாதிரி ஒரு கேஸ் வேணும்னா ஸ்லோவாக்கியா. 1939ல ஹிட்லர் தயவுல தனி நாடு. ஜனாதிபதி யோசெஃப் டிஸோ கத்தோலிக்கப் பாதிரியார், பதவியில இருந்தப்பவும் அங்கியைக் கழட்டல. கட்சிக்குப் பேரே ஹ்லிங்காங்கிற இன்னொரு பாதிரியார் பேர், அதுக்குக் கருப்பு யூனிஃபார்ம்ல ஒரு அடியாள் படை. 1942 மார்ச்லேர்ந்து அக்டோபருக்குள்ள சுமார் 58,000 யூதர்களை ரயிலேத்தி அனுப்புனாங்க, அதுக்கு ஜெர்மனிக்குத் தலைக்கு 500 மார்க் கட்டுனாங்க. வாங்கல சார், கட்டுனாங்க. போனவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, அவங்க விட்டுட்டுப் போன சொத்துல பங்கு கேக்கக் கூடாது, அதுக்குத்தான் அந்தக் காசு. அந்த ஜூலையில வாட்டிகன் அதிகாரி டார்தினி நொந்து போய் ஒரு குறிப்பு எழுதி வச்சாரு, ஹிட்லரை நம்மால அடக்க முடியலன்னா எல்லாருக்கும் புரியும், ஒரு பாதிரியாரையும் அடக்க முடியலன்னா யாருக்குப் புரியும்னு. டிஸோவை 1947ல தூக்குல போட்டாங்க.

இவ்வளவும் படிச்சிட்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போற ஒருத்தரைப் பாத்து ‘கிறித்துவ பாசிஸ்ட்’னு உங்க வாயில வருமா? எனக்கு வரல. ஏன்னா குத்தவாளி யாருன்னு நமக்குத் தெரியும், கட்சி பேர், படை பேர், கட்டுன காசு வரைக்கும் தெரியும். பாபி யார்ல சுட்டவங்கள்ல ஞானஸ்நானம் வாங்குனவங்க எத்தனை பேருன்னு யாரும் எண்ணிக்கிட்டும் இருக்கல.

நம்ம தமிழ்ல இதுல ஒரு வழுக்கல் இருக்கு. ‘இந்து’ மதம், ‘இந்துத்துவம்’ அரசியல், ரெண்டுக்கும் தனித்தனி சொல் இருக்கு. அந்தப் பக்கம் மதத்துக்கு ‘இஸ்லாமிய’னும் அரசியலுக்கு ‘இஸ்லாமியவாத’னும் இருக்க வேண்டிய இடத்துல டிவி ஸ்க்ரோல்லயும் பேப்பர் தலைப்புலயும் ‘வாத’ங்கிற ரெண்டெழுத்து விழுந்துடுது, இடம் பத்தலையோ மனசு பத்தலையோ. அதனால உங்க கேள்வியையே கொஞ்சம் மாத்தி, இஸ்லாமியவாதிகள்ல பாசிச சாயல் இருக்கான்னு கேட்டா, தாராளமா பேசலாம். ஜமாஅத்தே இஸ்லாமியை ஆரம்பிச்ச மௌதூதியே தான் சொல்ற அரசுக்கு பாசிச, கம்யூனிஸ்ட் அரசுகளோட ஒரு சாயல் இருக்குன்னு எழுதியிருக்காரு. பின்னாடி ஆர்.எஸ்.எஸ். தலைவரான கோல்வல்கர் 1939ல ஜெர்மனியோட இனப் பெருமிதத்தைப் பாத்து நாம கத்துக்கணும்னு எழுதினதை எந்தக் கண்ணால படிச்சேனோ, இதையும் அதே கண்ணாலதான் படிப்பேன். ஐ.எஸ். விஷயத்துல எனக்கு அந்தச் சொல்லே தேவைப்படல. ஈராக்ல சிஞ்சார்ல யாசிதிங்கிற சிறுபான்மை மக்களுக்கு அவங்க செஞ்சதுக்கு இனப்படுகொலைன்னு சரியான பேர் இருக்கு.

இந்துத்துவத்துக்கு அந்தச் சொல் பொருந்துமாங்கிறதே இன்னும் தீராத சண்டை. 2025ல, மதுரையில நடந்த தன் மாநாட்டுக்கு முன்னாடி சி.பி.எம்., மோடி அரசை பாசிச அரசுன்னோ நவபாசிச அரசுன்னோ சொல்லல, நவபாசிசக் குணங்கள் தெரியுதுன்னு மட்டும் சொல்றோம்னு ஒரு குறிப்பு போட, சி.பி.ஐ.யும் சி.பி.ஐ.(எம்.எல்.) லிபரேஷனும் அதை ஒத்துக்கல. பொருந்தும்ங்கிறது என் நிலைப்பாடு. ஆனா விக்கிரவாண்டி மாநாட்டுல விஜய் ‘பாசிசம், பாயாசம்’னு பேசுனதுக்கு அப்புறம் பாசிசம்னு ஆரம்பிச்சாலே எதிர்ல இருக்கவன் பாயாசம்னு சிரிக்கிறான், அதுக்கு நாங்க அந்தச் சொல்லைக் கண்ட எடத்துலயும் இறைச்சதும் ஒரு காரணம்.

உங்க கடிதம் வந்ததும் என் பழைய கட்டுரைகளைத் தேடிப் பாத்தேன். நீங்க சொன்ன ‘இந்துத்துவ பாசிசம்’ நிறைய இருக்கு, அதுல மாத்த ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு எடத்துல ‘இந்து பாசிசம்’னே எழுதி வச்சிருக்கேன். நீங்க கவனிச்சிருந்தா என்னை இன்னும் நல்லா மாட்டியிருக்கலாம். ரெண்டையும் நேத்து ராத்திரி திருத்திட்டேன், திருத்துன தேதியும் கீழ போட்டிருக்கேன்.